நாகராஜா மிச்சம் வைத்த பால்

எழுபதுகளில் எங்கள் தெருவில் இருந்தவர்களைக் கேட்டால், தேரும் கச்சேரியும் ஆற்றுக் குளியலுமாகக் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். நான் மூக்கை மூடிக்கொண்டுதான் பேச முடியும். அந்தத் தெரு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நாற்றம். மனுஷ நாற்றத்தைச் சொல்லவில்லை, மிருக நாற்றம்.

பாலக்காட்டில் ஆற்றை ஒட்டி, கோயில் வாசலில் தொடங்கி எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள். அங்கே வராத ஜந்து கிடையாது. அம்மா கோலம் போட்டு நிமிர்வதற்குள் ஆடு வந்து அதன் மேலேயே புழுக்கை போடும். கோயில் மாடு ஒன்று கொடியில் காய்ந்த என் பாவாடையைப் பாதி தின்று மீதியைத் துப்பிவிட்டுப் போனது. அதைத் திட்டக்கூடாது, பாவம் வந்துவிடும். தெருநாய் வாசற்படிக்குக் கீழே குட்டி போட்டுவிட்டு, அந்த ஈரத்தையெல்லாம் நிலைப்படி வரைக்கும் இழுத்து வைத்திருக்கும். வௌவால் எச்சம் வெள்ளையடித்த சுவரில் கோடு கோடாக வழியும். பின்பக்கச் சந்தில் பன்றிகள். அந்தக் காலத்துக் கக்கூஸ் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குப் பன்றி எதற்காக வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெருச்சாளி கிணற்றடிச் சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மறுநாள் அது பல் பதிந்து சாக்கடை ஓரத்தில் கிடக்கும். அதை எடுத்துக் கழுவி உபயோகித்தவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள், யாரென்று சொல்ல மாட்டேன்.

இவையெல்லாம் வந்துவிட்டுப் போகிறவை. போகாத ஒன்று இருந்தது. மரநாய். நாங்கள் மலையாளத்தை ஒட்டி மரப்பட்டி என்போம். பூனையைவிடப் பெரிசு, கறுத்த மூஞ்சி, உடம்பளவுக்கு வால். பகலெல்லாம் வீட்டு மச்சில் தூங்கும், இருட்டினால் இரை தேடக் கிளம்பும். பழம், எலி, கோழிக்குஞ்சு, தென்னையில் கட்டிய கள்ளு என்று எது கிடைத்தாலும் விடாது. தின்றதையும் குடித்ததையும் எங்கள் தலைக்கு மேல் வந்துதான் கழிக்கும்.

எங்கள் வீடுகளை அதற்காகவே கட்டினார்களோ என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்கு வீடு சுவர் பொது, கூரையும் பொது. ஓட்டுக்குக் கீழே பலகை பாவிய மச்சு. ஒரு வீட்டு மச்சுக்கும் அடுத்த வீட்டு மச்சுக்கும் நடுவில் உள்ள சுவர் ஓடு வரைக்கும் போகாது. ஆகையால் கோயில் பக்கத்து வீட்டில் ஏறுகிற மரப்பட்டி கீழே இறங்காமலே ஆற்றங்கரை வரைக்கும் நடந்து போகலாம். ஒரு வீட்டில் மிளகாய்ப் புகை போட்டால் தும்மிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போகும். அவர்கள் புகை போட்டால் திரும்பி வரும். 'உங்காத்து மரப்பட்டி, எங்காத்து மரப்பட்டி' என்று சண்டை போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

அதன் மூத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பலகை இடுக்கு வழியாகச் சொட்டும். எங்கே, எப்போது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரசம் சாதத்தில் விழுந்தது. அப்பா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு அன்று பட்டினி கிடந்தார். அம்மாவின் மடிப் புடவையை, யாரும் தொட்டுவிடக் கூடாதென்று, மச்சுக்கு ஒட்டி உயரத்தில் தொங்கும் மூங்கிலில்தான் உலர்த்துவோம். குச்சியால்தான் போடுவது, குச்சியால்தான் எடுப்பது. மனுஷர் விரல் பட்டால் தீட்டாகிவிடும் அந்தப் புடவையின் மேல் மரப்பட்டி வாரத்துக்கு இரண்டு தடவை பெய்தது. அம்மா அழுகிற முகத்தோடு திரும்பவும் நனைத்துப் போடுவாள்.

நான் அப்போது ஒரு கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். தலைக்குக் குளித்துப் பின்னிக்கொண்டு போனாலும் அந்த வாடை கூடவே வரும். பக்கத்து நாற்காலிக்காரி ஒரு நாள், "நீ என்ன எண்ணெய் தேய்க்கறே?" என்று மூக்கைச் சுளிக்காமல் கேட்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்றைக்கே ஜன்னலோரம் இடம் மாற்றிக்கொண்டேன். எனக்கு இருபத்தாறு வயது. என்மேல் மூத்திர நாற்றம் அடிக்கிறது என்று பிறத்தியார் சொல்லிக் கேட்பதைவிட அந்த வயதில் வேறென்ன கேவலம் வேண்டும்?

கல்யாணம் ஆகாததற்கு நாற்றம் காரணமில்லை, ஜாதகம்தான் காரணம். சர்ப்ப தோஷம். வெளியிலிருந்து வந்த வரன்களெல்லாம் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ஏனென்றால் எனக்கு ஆசை இருந்தது அத்தானின் மேல்தான்.

அப்பாவின் அக்கா, எங்கள் வரிசையிலேயே மூன்று வீடு தள்ளி இருந்தாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே பிள்ளை அத்தான். ஒரு பாங்கியில் வேலை. காலையில் நான் பஸ்ஸுக்குப் போகிற அதே நேரம்தான் அவரும் கிளம்புவார். தெரு முடிகிற வரைக்கும் பத்தடி முன்னால் நடப்பார். தெரு திரும்பியதும் நடையைத் தளர்த்துவார். பஸ் வருகிற வரைக்கும் ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். நிதானமான மனுஷர், சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கும். அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷத்தில் வேறு நினைப்பே இல்லை. அவருக்கும் இஷ்டம்தான் என்று அம்மா மூலமாகத் தெரிந்திருந்தது.

அத்தைதான் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணாக்கும். சர்ப்ப தோஷக்காரியைக் கூட்டிண்டு வந்து அதையும் வாரிக் குடுக்க எனக்குத் தைரியம் இல்லை" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அப்புறம் அவளே ஒரு ஜோத்ஸ்யரைப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுக் கொல்லையில், பவழமல்லிக்கு அடியில், ஒரு நாகர் கல் உண்டு. அதற்கு ஒரு மண்டலம் தினமும் விளக்கு வைத்ததும் பாலும் கதளி வாழைப்பழமும் வைக்க வேண்டும். விடிவதற்குள் நாகராஜா அதை எடுத்துக்கொண்டால் தோஷம் தீர்ந்தது என்று அர்த்தம். எடுத்துக்கொள்ளாவிட்டால் அத்தை வேறு இடத்தில் பெண் பார்ப்பாள்.

அம்மா வெண்கலக் கிண்ணியில் பாலும், இலைத்துண்டில் பழமும் வைத்தாள். நல்லேப்பிள்ளியிலிருந்து வரும் பால், தண்ணீர் கலக்காதது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கிண்ணியில் அடியில் கொஞ்சம் நின்றது போகப் பால் இல்லை. பழமும் இல்லை. பழத்தோல் மட்டும் பக்கத்தில் கிடந்தது.

அத்தை ஓடிவந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். மரப்பட்டிக்கு மூத்திர நாற்றம் தவிர இன்னொரு வாசனையும் உண்டு, அரிசி வேகிற மாதிரி. அதுதான் அங்கே அடித்தது. பாம்பு வாய் பிளந்தால் கிழங்கு வேகிற வாசனை வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. "வந்திருக்கார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தோலை உரித்துவிட்டுப் பழம் தின்கிற பாம்பை நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொன்னேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாட்சாத் நாகராஜாவாக்கும். நீயும் நானும் பழத்தைத் தோலோடயா சாப்பிடுவோம்? அவருக்குத் தெரியாதா எது எடுத்துக்கணும்னு?" என்றாள். தோல் மிச்சம் இருந்ததே அவளுக்குப் பெரிய அத்தாட்சியாகப் போயிற்று.

அதோடு விட்டிருந்தால் இதை நான் எழுத மாட்டேன். கிண்ணியின் அடியில் இரண்டு ஸ்பூன் பால் மிச்சம் இருந்தது. அத்தை அதைப் பயபக்தியோடு எடுத்து, "பிரசாதம், குடிச்சுடு" என்று என் உள்ளங்கையில் ஊற்றினாள்.

எங்கள் வீடு எப்பேர்ப்பட்ட வீடு என்று தெரிந்தால்தான் இந்த அநியாயம் புரியும். டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் எச்சில் என்று அம்மா கத்துவாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். சாதம் தொட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ஜாடியையே கழுவ வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், எதுவோ நக்கி வைத்துவிட்டுப் போன பாலை என் கையில் ஊற்றிக் குடி என்றார்கள். தெய்வம் தொட்டது எச்சில் ஆகாதாம். பால் கொழகொழவென்று இருந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினேன். அன்று முழுவதும் தொண்டைக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் தினமும் இதே கூத்து. விடிந்ததும் அத்தை வந்துவிடுவாள். நான் குளித்து ஈரத்தலையோடு நாகர் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவள் ஊற்றுவாள், நான் குடிக்க வேண்டும், தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். ஒரு நாள் பாலில் மயிர் கிடந்தது, கறுப்பாக, முரடாக. "பூவோட நார்" என்று அம்மா அவசரமாக நகத்தால் எடுத்துப் போட்டாள். இன்னொரு நாள் பாலில் எறும்பும் அது துப்பிய பழத் துணுக்கும் சேர்ந்து மிதந்தன. அதையும் குடித்தேன். மாதத்தில் தூரமாகிற மூன்று நாள்தான் எனக்கு விடுதலை. பின்கட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, யாரும் எனக்கு எதையும் ஊற்றித் தர முடியாது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பேன். தீட்டு எனக்கு வரமாக இருந்தது அந்த ஒரு பருவத்தில்தான்.

மச்சில் இருந்த மரப்பட்டி இதற்குள் கொழுத்துவிட்டது. மேலே நடந்தால் பலகை அதிர்ந்தது. முன்பு சொட்டிக்கொண்டிருந்தது இப்போது ஒழுகியது. முதலமடைப் பக்கத்து மாம்பழம் சந்தைக்கு வரும் பருவம் வேறு. நாகர் கல்லின் படமெடுத்த தலை மேலேயே ஒரு நாள் கழித்து வைத்திருந்தது, பழத்தோலும் நாருமாக. நான் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தை வருவதற்குள் அம்மா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அலம்பி, மஞ்சள் பூசி, பூ வைத்துவிட்டாள். "காக்காய்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இதற்கெல்லாம் ஆறுதல் பஸ் நிற்கும் இடம்தான். "இன்னிக்கும் குடிச்சயா?" என்று அத்தான் கேட்பார். "குடிச்சேன்" என்பேன். "நீ தைரியசாலிதான்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நாளைக்கும் குடித்துவிடலாம் என்று தோன்றும். என்ன மாதிரி கஷ்டப்படுகிறேன் என்பது அவருக்குப் புரிகிறது, அதனால்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மண்டலம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது, ஆபீஸில் சீக்கிரம் வரச் சொல்லியிருந்ததால், வெளிச்சம் வந்தும் வராததுமாகக் கிணற்றடிக்குப் போனேன். நாகர் கல்லுக்கு முன்னால் அது உட்கார்ந்திருந்தது. மூஞ்சி முழுவதும் கிண்ணிக்குள். சளக் சளக்கென்று நக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மீசையில் பால் சொட்டியது. பயந்து ஓடவெல்லாம் இல்லை. திரும்பவும் குனிந்து இன்னும் கொஞ்சம் நக்கிவிட்டு, கழிவறைச் சுவரில் ஏறி, கூரை வழியாகப் போயிற்று. அதன் பின்புறத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். கிணற்றடியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் முதுகைத் தடவினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ரெண்டாம் நாளே தெரியும். இந்தத் தெருவிலேயே பொறந்து வளந்தவளாக்கும் நான். அதோட வாடை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் எனக்குக் குடுத்தயா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? நீ குடிக்கறதைப் பாத்தாத்தான் உன் அத்தை நம்புவா. நம்பினாத்தான் கல்யாணம் நடக்கும். பாலை வெக்காம இருந்தாலும் போச்சு, அது குடிக்காம இருந்தாலும் போச்சு. அந்த ஜந்து ஒரு நாள் வராம இருந்துடுமோன்னு நான் தினம் பயந்துண்டிருக்கேன். இனிக் கொஞ்ச நாள்தானே. மூக்கைப் பிடிச்சிண்டு குடிச்சுடு."

அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதே சமயம், மகளுக்காக ஒரு மரப்பட்டி வர வேண்டுமென்று சாமியிடம் வேண்டிக்கொள்ளும் நிலைமைக்கு அவள் வந்துவிட்டதை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். அத்தைக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. உண்மை தெரிந்தால் அத்தை அன்றைக்கே வேறு பெண் பார்க்கக் கிளம்புவாள். அவர் வேண்டும் என்றால் இதைக் குடித்துத்தான் ஆக வேண்டும். குடித்தேன். தெரியாமல் குடித்ததைவிடத் தெரிந்து குடிப்பது எவ்வளவு கொடுமை என்று வாயால் சொல்ல முடியாது. அதன் நாக்கை என் நாக்கில் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாளும் விழுங்கும்போது அவர் முகத்தை நினைத்துக்கொள்வேன்.

மண்டலம் முடிகிற அன்று அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தேங்காயும் வெற்றிலை பாக்குமாக வந்தாள். கூடவே அத்தானும் வந்தார், வெள்ளை வேஷ்டி, நெற்றியில் சந்தனம். அன்றைக்கு நிச்சயம் பண்ண நாள் குறிப்பதாக இருந்தது. கிண்ணியில் என்றைக்கும் விட அதிகமாகப் பால் மிச்சம் இருந்தது. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தயா, ரெண்டு பேருக்கும் சேத்து வெச்சிருக்கார். ரெண்டு பேரும் சேந்து சாப்பிடட்டும்" என்று என் கையில் பாதியை ஊற்றினாள். மீதியோடு பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

அவர் கையை நீட்டவில்லை. "எனக்கு வேண்டாம். வயறு செரியில்லை" என்றார்.

"ஒரு துளியாக்கும். தோஷம் தீர்ந்த பிரசாதம்."

"வேண்டாம்னு சொன்னேனே" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நகர்ந்துவிட்டார். அத்தை அம்மாவிடம், வயிற்றுக்கு முந்தின நாள் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கையில் பாலோடு அவர் பின்னால் போனேன்.

"அத்தான், உங்களுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். எனக்குப் பிடித்த அதே சிரிப்பு. "எங்காத்துக் கூரை வழியாத்தானே அது இறங்கறது. அது உங்காத்துக் கொல்லைக்குப் போறதை முதல் நாளே ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா அம்மா இந்தக் கல்யாணமே வேண்டாம்னுடுவா. உனக்காகத்தான் சும்மா இருந்தேன். கொஞ்சம் பால்தானே, ஒண்ணும் ஆயிடலையே உனக்கு?"

அவர் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது? அம்மாவும் அதைத்தான் சொன்னாள், நானும் அதற்காகத்தான் குடித்தேன். ஒரு நிமிஷம் அவர் சொல்வது நியாயம்தான் என்றுகூடப் பட்டது. கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அப்போ இன்னிக்கு ஒரு நாள் நீங்க குடியுங்கோ. எனக்காக" என்றேன்.

அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். பாலின் மேல் ஒரு மயிர் மிதந்தது. அவருடைய மேலுதடு சுருங்கியது. "சீ" என்று ஓரடி பின்னால் போனார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், அந்தச் சுளிப்பு மாறாமலே.

அந்த மரப்பட்டியைப் பார்த்து நான் பட்ட அருவருப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தினமும் காலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டு, இன்னிக்கும் குடிச்சயா என்று கேட்டுச் சிரித்த மனுஷர் இவர். எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்.

பாலைத் தரையில் கொட்டினேன். வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். வாயையும் கொப்பளித்தேன். அத்தை வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் போய், "அத்தை, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றேன்.

"ஏன்டி, என்ன ஆச்சு?" என்று அத்தை கேட்டாள். அம்மா பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"வயறு செரியில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அம்மா அழ ஆரம்பித்தது கேட்டது. புடவை மாற்றிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடத்தில் அத்தான் முன்பே வந்து நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் வந்தது, அவர் ஏறி எனக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறவில்லை, அடுத்த பஸ்ஸில் போனேன்.